சென்னை விமான நிலையம்: பயணிகள் எண்ணிக்கையின் வரலாறு

சென்னையின் வான்போக்குவரத்து பயணிகளால் அல்ல, தபாலால் தொடங்கியது. 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய் வரை ஓட்டிவந்த தபால் விமானத்தை, நெவில் வின்சென்ட் அங்கிருந்து சென்னைக்குக் கொண்டுவந்தார். மீனம்பாக்கத்தில் பயணிகளுக்கான பழைய முனையம் 1954-இல் எழுந்தது. 1980-களில் திரிசூலம் பக்கம் காமராசர், அண்ணா முனையங்கள் வந்தன. வளைகுடாவுக்குப் போகும் ஒருவரை வழியனுப்ப வேன் நிறைய உறவினர் வந்து வாசலில் கண்கலங்கி நிற்பதும், கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் சரக்குப் பையோடு பறக்கும் ‘குருவி’களும் அந்த வாசலுக்குப் பழகிய காட்சிகள்.

2003-இல் ஏர் டெக்கான் தொடங்கிவைத்த மலிவுக் கட்டணம், ரயிலில் போய்க்கொண்டிருந்த நடுத்தர வர்க்கத்தை விமானத்தில் ஏற்றியது. 2007-08 நிதியாண்டில் பயணிகள் ஒரு கோடியைத் தாண்டினர்.

சறுக்கலின் வித்தும் அப்போதே விழுந்தது. 2008-இல் ஐதராபாத்தும் பெங்களூரும் ஊருக்கு வெளியே விரிந்த நிலத்தில் புதிய விமான நிலையங்களைத் திறந்தன. மீனம்பாக்கமோ பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகள், ஜி.எஸ்.டி. சாலை, அடையாறு ஆகியவற்றுக்கு நடுவே நெருக்குண்டு நின்றது. இரண்டாம் ஓடுபாதையை நீட்ட ஆற்றின் மேலேயே பாலம் கட்ட வேண்டியதாயிற்று. இரு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று வெட்டுவதால், ஒன்றில் விமானம் போகும்போது மற்றொன்று காத்திருக்க வேண்டும். முனையத்தைப் பெரிதாக்கலாம், இந்தக் குறையை அதனால் தீர்க்க முடியாது.

2015 டிசம்பரில் அடையாறு ஓடுபாதைக்குள் புகுந்ததால், நிலையம் சில நாள்கள் மூடப்பட்டது. அந்த நிதியாண்டிலும் எண்ணிக்கை குறையவில்லை, ஏறத்தாழ 1.52 கோடியானது. 2017-18-இல் 2 கோடியைக் கடந்து, 2018-19-இல் சுமார் 2.25 கோடியைத் தொட்டது. கொரோனா ஆண்டான 2020-21-இல் அது ஏறக்குறைய 55 லட்சமாகச் சரிந்தது. முன்பே சென்னையைப் பெங்களூரு முந்திவிட்டிருந்தது. அந்த ஆண்டில் ஐதராபாத்தும் முந்தியது.

2023 ஏப்ரலில் புதிய ஒருங்கிணைந்த முனையம் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2022-இல், காஞ்சிபுரம் அருகே பரந்தூர் இரண்டாவது விமான நிலையத்துக்குத் தேர்வாகியிருந்தது. அதனால் ஏரியையும் நெல்வயலையும் இழக்க நேரும் ஏகனாபுரம் மக்கள் அன்றுமுதல் எதிர்த்துப் போராடினர். நகரத்தின் தேவை உண்மை. அவர்கள் இழப்பும் அதே அளவு உண்மை.

2023-24-இல் சென்னையில் பயணம் செய்தோர் சுமார் 2.12 கோடிப் பேர். அதே ஆண்டில் பெங்களூரில் சுமார் 3.75 கோடிப் பேர்.