விஷமுறிவு மருந்தும் உடலின் எதிர்ப்பும்

பாம்புக் கடிக்குள்ளான ஒருவருக்கு விஷமுறிவு மருந்து ஏற்றப்பட்ட சில நிமிடங்களில் உடலெங்கும் தடிப்பு எழுவதும், மூச்சுத் திணறுவதும், இரத்த அழுத்தம் சடுதியாக வீழ்வதும் எமது வைத்தியர்கள் நன்கறிந்த காட்சியாகும். விஷத்தின் வேலையென உறவினர் எண்ணக்கூடும். உண்மையில் அது மருந்துக்கு உடல் காட்டும் எதிர்ப்பே.

இந்தியாவில் தயாரிக்கப்பட்டு இங்கு பயன்படுத்தப்படும் இம்மருந்து, சிறிது சிறிதாக விஷம் ஏற்றப்பட்ட குதிரைகளின் குருதியிலிருந்து பெறப்படுவது. குதிரையின் புரதம் மனித உடலுக்கு அந்நியமானது. உதவ வந்ததா, கெடுக்க வந்ததா என நிர்ப்பீடனத் தொகுதி விசாரிப்பதில்லை.

இந்த உண்மை புதிதன்று. தொண்டைக்கரப்பானுக்காகக் குதிரைச் சீரம் ஏற்றப்பட்ட சிறுவர்கள் பின்னர் நோயுறுவதை அவதானித்த வியன்னா வைத்தியர் வொன் பிர்க்கே, 1906 இல் 'அலேர்ஜி' என்ற சொல்லையே உருவாக்கினார். நாம் அதனை ஒவ்வாமை என்கிறோம்.

இறால், பெனிசிலின், குளவிக்கொட்டு ஆகியவற்றால் ஏற்படும் வழமையான ஒவ்வாமைக்கு முன்னறிமுகம் வேண்டும். முதற் சந்திப்பில் உருவாகும் ஐ.ஜி.ஈ எனும் பிறபொருளெதிரிகள் மாஸ்ட் கலங்களின் மேல் அமர்ந்து காத்திருக்கின்றன. அதே பொருள் மீண்டும் வருகையில் அக்கலங்கள் ஹிஸ்டமின் முதலியவற்றை ஒரேயடியாக வெளியேற்ற, குருதிக்குழாய்கள் கசிகின்றன, சுவாசக்குழாய்கள் ஒடுங்குகின்றன. விஷமுறிவு மருந்திலோ பெரும்பாலும் முதற்தடவையிலேயே இவ்விளைவு நேர்கிறது. மாஸ்ட் கலங்கள் வேறு வழிகளாலும் தூண்டப்படலாம். எனவே தோலில் சிறிதளவு செலுத்திப் பார்க்கும் பரிசோதனை இங்கு நம்பத்தக்கதன்று.

வீடு திரும்பியபின் ஐந்து முதல் பதினான்கு நாட்களுக்குள் காய்ச்சலும் மூட்டுவலியும் தோன்றுவதும் உண்டு. அந்நியப் புரதமும் பிறபொருளெதிரியும் பிணைந்து குருதிக்குழாய்ச் சுவர்களில் படிவதன் விளைவு அது. இதனைச் சாதாரண காய்ச்சலென விட்டுவிடாது, மருந்து ஏற்றப்பட்டதை வைத்தியரிடம் கூறுதல் வேண்டும்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளரிடம் இலங்கையில் நடத்தப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வொன்று, மருந்துக்கு முன் தோலின்கீழ் ஏற்றப்படும் சிறிதளவு அட்ரினலின், முதல் ஒரு மணி நேரத்தில் தோன்றும் கடுமையான எதிர்விளைவுகளை 43 சதவீதத்தால் குறைப்பதைக் காட்டியது. நெடுங்காலம் வழக்கிலிருந்த ஹைட்ரோகோர்ட்டிசோனும் புரோமெதசினும் அத்தகைய பயனைத் தரவில்லை. பழக்கம் வேறு, பயன் வேறு என்பதை எமது மண்ணிலேயே நிறுவிய ஆய்வு இது.

இன்னுமொன்று. இங்கு பலரைக் கடிக்கும், சிங்களத்தில் குணகட்டுவா எனப்படும் விரியனின் விஷத்தை இந்திய மருந்து முறிப்பதில்லை. அக்கடிக்கு அதனை ஏற்றினால் ஆபத்து மட்டுமே எஞ்சும்.