மில் ஹில் மாணவர் கட்டிய நிலையம்

ஏரியல் கம்பி எவ்வளவு நீளம் இருக்கவேண்டும் என்ற கேள்விக்கு இன்று ஒரு மாணவர் ஒரே வகுத்தற் கணக்கில் விடை கண்டுவிடுவார். நூறாண்டுகளுக்கு முன்னர் அக்கேள்விக்குள் பெரியதொரு வழக்கே அடங்கியிருந்தது. வானவெளியில் பேச யாருக்கு உரிமை என்பதே அவ்வழக்கு.

அலை நீண்டிருந்தால்தான் நெடுந்தொலைவு செல்லும் என்று அக்கால வல்லுநர் நம்பினர். ஆகவே கடல் கடந்து செய்தி அனுப்பிய நிறுவனங்கள் பல்லாயிரம் மீட்டர் நீளமுள்ள அலைகளைக் கையாண்டன. அவற்றுக்குரிய ஏரியல்கள் வானளாவிய கம்பங்களின்மேல் ஊர் அகலத்துக்குப் பரந்து கிடந்தன. அரசுகளும் பெருஞ்செல்வரும் அன்றி வேறு எவரும் அவற்றை நாட்ட இயலாது. வீட்டில் பொழுதுபோக்காகக் கருவி கட்டிய இளைஞர்கள் இடையூறாகவே கருதப்பட்டனர். 1912-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் அவர்களை 200 மீட்டருக்கும் அதற்குக் குறைந்த அலைகளுக்கும் ஒதுக்கித் தள்ளிற்று. ஒன்றும் விளையாத தரிசு என்று எண்ணியே அந்நிலத்தை அவர்களுக்கு விட்டார்கள்.

அலை குறுகினால் ஏரியலும் குறுகும் என்பதுதான் இதில் சுவையான செய்தி. அலையின் நீளத்தில் ஏறக்குறையப் பாதி அளவுக்குக் கம்பியை வெட்டி, நடுவில் இரு கூறாக்கி, அவ்விடத்தில் கருவியிலிருந்து வரும் இணைப்பைப் பொருத்தினால், அக்கம்பி அவ்வலைக்கு இசைந்து அதிரும். மெகாஹெர்ட்சில் கூறப்படும் அதிர்வெண்ணால் 143-ஐ வகுத்தால், வேண்டிய நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்சுக்கு ஏறத்தாழ 20 மீட்டர். என் வீட்டு மொட்டைமாடியில் நட்ட மூங்கிலிலிருந்து கொல்லைத் தென்னைமரம் வரை அந்த நீளத்தில்தான் ஒரு செம்புக்கம்பி கட்டியிருக்கிறேன். இரு முனைகளிலும் பீங்கான் இன்சுலேட்டர். மரம் காற்றில் ஆடும்போது கம்பி அறாதபடி கயிற்றில் சற்றுத் தளர்ச்சி. மின்வாரியக் கம்பிகளுக்கு அருகில் மட்டும் ஒருபோதும் கட்டலாகாது. அதில் விளையாட்டே கூடாது. கேட்பதோடு நில்லாமல் தாமும் செய்தி அனுப்ப விரும்புவோர் அரசுத் தேர்வில் தேறி உரிமம் பெறவேண்டும்.

இனி, அந்தத் தரிசு விளைந்த கதைக்கு வருவோம். 1921 டிசம்பரில் பால் காட்லி என்ற அமெரிக்கர் ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசன் கடற்கரையில், குளிரிலும் மழையிலும் கூடாரம் அடித்து, நூற்றுக்கணக்கான மீட்டர் கம்பியைத் தாழ்ந்த கம்பங்களின்மேல் இழுத்துக் கட்டிக் காத்திருந்தார். அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட பொழுதுபோக்கு நிலையங்கள் அவர் காதில் விழுந்தன. ஆயினும் அது கேட்டல் மட்டுமே. மறுமொழி சொல்ல வழியில்லை. 1923 நவம்பர் இறுதியில் பிரான்சின் நீஸ் நகரத்து லியோன் தெலாய், சுமார் 100 மீட்டர் அலைக்கு இறங்கி, அமெரிக்காவின் பிரெட் ஷ்னெலுடன் இருவழியாக உரையாடினார். குறுகக் குறுக அலை தொலைதூரம் செல்வதைக் கண்டு பெரிய நிறுவனங்கள் திகைத்தன.

அடுத்த ஆண்டு நிகழ்ந்ததே என் மனத்தை மிகவும் கவர்ந்தது. லண்டனின் வடபால் உள்ள மில் ஹில் பள்ளியில் செசில் காய்டர் என்ற பதினெட்டு வயது மாணவர் ஒரு நிலையம் அமைத்திருந்தார். 1924 அக்டோபர் 18 அன்று அவருடைய மோர்ஸ் ஒலிக்கு நியூசிலாந்தின் ஷாக் பள்ளத்தாக்கிலிருந்த ஓர் ஆட்டுப் பண்ணை விடையிறுத்தது. பண்ணைக்குரிய பிராங்க் பெல்லும் பொழுதுபோக்காளரே. இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 19,000 கிலோமீட்டர். பூவுலகில் அதனினும் மிக அதிகத் தொலைவு ஏது? பிற்பாடு அந்நிலையத்தை அவர் தமக்கை பிரெண்டா ஏற்று நடத்தி, 1927-இல் தென்னாப்பிரிக்காவுடன் தொடர்பு கொண்டார். நியூசிலாந்திலிருந்து அதனை முதலில் செய்தவர் அவரே.

இவையெல்லாம் எவ்வாறு நிகழ்ந்தன? மேலே மின்னேற்றம் பெற்ற ஒரு மண்டலம் அலைகளைத் திருப்பி விடக்கூடும் என்று கென்னலியும் ஹெவிசைடும் 1902-லேயே ஊகித்திருந்தனர். அது உண்மையே என்று ஆப்பிள்டன் சோதனையால் காட்டியது 1924 டிசம்பரில். பள்ளி மாணவரின் கம்பி அறிஞரின் சான்றை இரண்டு மாதம் முந்திவிட்டது!

அந்தக் காய்டர்தான் 1936-இல் அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறியாளராக இந்நாட்டுக்கு வந்தார். பரந்த நாடு, நிலையங்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவை, மத்திய அலை எட்டும் தூரம் மிகச் சிறிது. மாணவப் பருவத்தில் உலகின் மறுபுறத்தைத் தொட உதவிய சிற்றலையையே அவர் நாடினார். தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலும் சிற்றலை ஒலிபரப்பிகள் நிறுவப்பட்டன. சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்று தொடங்கிற்று.