ஒரு நூல் நீளம்: .44 மேக்னம் பிறந்த கதை

துப்பாக்கிப் பதிவான்னு ஓடிடாதீங்க மக்கா. சண்டைக்காட்சி எதுவும் கிடையாது. ஒரு யூசர் கேட்ட மாற்றத்தைப் பெரிய கம்பெனிகள் கால் நூற்றாண்டா இழுத்தடிச்சு, கடைசில ஒரு நூல் (ஆசாரி கணக்குல, இஞ்ச்ல எட்டுல ஒரு பங்கு) நீளத்துல விஷயம் முடிஞ்ச கதை இது. நம்மள மாதிரி பொட்டி தட்டுறவங்களுக்கு நல்லாப் பழகின கதைதான்.

1971ல வந்த 'டர்ட்டி ஹாரி' படத்துல க்ளின்ட் ஈஸ்ட்வுட் ஒரு நீள ரிவால்வரை நீட்டுவாரே, அது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 29. அதுக்குள்ள போற தோட்டா .44 மேக்னம். படத்துக்கப்புறம் அந்தத் துப்பாக்கிக்கு அமெரிக்காவுல ஏக கிராக்கி. ஆனா அப்படி ஒரு தோட்டா வேணும்னு கம்பெனிகளைப் படுத்தி எடுத்தவர் போலீஸ்காரர் இல்ல. ஐடஹோ மலைப்பக்கம் மாடு மேய்ச்சு, வேட்டைக்கு வர்றவங்களுக்கு வழிகாட்டிப் பிழைச்ச எல்மர் கீத்ங்கற மனுஷன். அவர் கேட்டது மானுக்கும் எல்க்குக்கும்.

கீத் 1899ல மிசௌரியில பிறந்து மான்டானாவுல வளர்ந்தவர். சின்னப் பையனா இருந்தப்போ தங்கியிருந்த விடுதி தீப்பிடிச்சதுல உடம்பெல்லாம் வெந்து, ஒரு கை முடங்கிப்போச்சு. அந்தக் கையைத் தேத்திக்கிட்டுத்தான் பிற்பாடு சுடக் கத்துக்கிட்டார். மலையில குதிரை மேல இருக்கறவனுக்கு ரைஃபிள் சேணத்தோட போயிடும், இடுப்புல இருக்கற ரிவால்வர்தான் கூடவே இருக்கும். அதுக்குக் கடையில கிடைச்ச தோட்டாவோ ரொம்பச் சாது. 1907ல வந்த .44 ஸ்பெஷலை எடுத்துக்குங்க. 246 கிரெய்ன் எடையில உருண்டை மூக்குக் குண்டு, வேகம் விநாடிக்கு 755 அடி. (250 கிரெய்ன்னா சுமார் 16 கிராம், அதாவது ரெண்டு சவரன்.) பெரிய மிருகம் அதுக்குச் சாகாது. காயத்தோட ஓடி எங்கேயோ போய் மெதுவாச் சாகும். கீத்தோட பிடிவாதத்துக்கு அடிப்படை இந்த விஷயம்தான்.

கடையில இல்லேன்னா வீட்டுல செய்யணும். சுட்ட தோட்டாவுல பித்தளைக் கூடு மிஞ்சும். அதை அளவுக்கு அமுக்கி, புது ப்ரைமர் வெச்சு, மருந்து நிரப்பி, குண்டு சொருகினா மறுபடி தோட்டா. இதை ஹேண்ட்லோடிங்னு சொல்வாங்க. கீத் முதல்ல .45 கோல்ட்லதான் ஆரம்பிச்சார். ரைஃபிளுக்கான 300 கிரெய்ன் குண்டைப் போட்டுச் சுட்டுக்கிட்டிருந்தவருக்கு, 1925 ஜூலை 4 சுதந்திர தினக் கொண்டாட்டத்துல சிலிண்டரோட மேல்பாதி பிச்சுக்கிட்டுப் போச்சு. ஆள் தப்பிச்சது அதிர்ஷ்டம்.

அதுலேர்ந்து அவர் எடுத்த முடிவு எனக்கு ரொம்பப் பிடிச்சது. சிலிண்டரோட வெளி அளவு மாறப்போறதில்ல. உள்ள துளையைச் சின்னதாக்கினா சுவர் கனமாகும். அதனால .45ஐ விட்டுட்டு .44. (.44ங்கறதும் பேருக்குத்தான். குண்டோட நிஜ விட்டம் .429 இஞ்ச். பழைய பேரு அப்படியே ஒட்டிக்கிச்சு. நம்ம கோட்ல இல்லாத பேரா?)

அடுத்து குண்டு. 1920களோட கடைசியில கீத் வரைஞ்ச வடிவத்தை லைமன் கம்பெனி 429421ங்கற எண்ணுல அச்சா வித்துது. மூக்கு அகலமா, தட்டையா இருக்கும். உருண்டை மூக்கு சதையை விலக்கிக்கிட்டுப் போயிடும், தட்டை மூக்கு வெட்டிக்கிட்டுப் போகும். நடுவுல சதுரமா ஒரு ஆழமான பள்ளம், அது குழல்ல ஈயம் ஒட்டாம இருக்க மசகு நிரப்பறதுக்கு. அதுக்கு மேல இன்னொரு சின்னப் பள்ளம் இருக்கு, அங்கதான் பித்தளைக் கூட்டோட விளிம்பை உள்பக்கமா மடிச்சுப் பிடிப்பாங்க. எதுக்குன்னா, கனமான தோட்டாவைச் சுடும்போது துப்பாக்கி விசையாப் பின்னால உதைக்கும். சிலிண்டர்ல காத்திருக்கற மத்த தோட்டாக்களோட கூடும் சேர்ந்து பின்னால போகும். உள்ள இருக்கற குண்டு மட்டும் நியூட்டன் சொன்னபடி இருந்த இடத்துலயே இருக்கப் பார்க்கும். பிடி சரியில்லேன்னா கொஞ்சம் கொஞ்சமா வெளிய வந்து, சிலிண்டரே சுத்தாம நின்னுடும். எதிர்ல கரடி இருக்கறப்போ இது தேவையா?

உலோகம் 16 பங்கு காரீயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம். நம்ம வீட்டு ரச ஈயச்சொம்பு இருக்கே, அந்த வெள்ளீயம்தான். அது சேர்ந்தா உருகின ஈயம் அச்சோட மூலை முடுக்கெல்லாம் நல்லா நிறையும், குண்டும் கொஞ்சம் கெட்டியாகும். குண்டு உள்ள போய் விரியும்னு கீத் நம்பிக்கிட்டு இருக்கல. அகலமும் எடையும் இருந்தா நேரா ஊடுருவிப் போகும், அது போதும்னு நினைச்சார்.

1930கள்ல இந்த 250 கிரெய்ன் குண்டை விநாடிக்கு 1200 அடி வேகத்துல அனுப்பிக்கிட்டிருந்தார். இதையே தயாரிச்சு வில்லுங்கன்னு பத்திரிகைகள்லயும் கடிதங்கள்லயும் கம்பெனிகளை நச்சரிச்சார். அவங்க மாட்டோம்னாங்க. இந்த இடத்துல நான் கம்பெனி கட்சி. 1907லேர்ந்து வித்த எல்லா .44 ஸ்பெஷல் துப்பாக்கியிலயும் அந்தத் தோட்டா போகும். எவனோ தாத்தாவோட துப்பாக்கியில போட்டு வெடிச்சா யார் பொறுப்பு? சிலிண்டர் வெடிச்சா எப்படி இருக்கும்னு கீத்துக்கே தெரியுமே!

ஆனா விடை 1935லயே மேசை மேல கிடந்துது. அந்த வருஷம் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் வின்செஸ்டரும் .38 ஸ்பெஷல் கூட்டைக் கொஞ்சம் நீட்டி .357 மேக்னம்னு விட்டாங்க. நீட்டினதால பழைய துப்பாக்கியில அது நுழையாது. .44க்கும் இதையே செய்ய இன்னும் இருபது வருஷம் ஆச்சு. கடைசில ரெமிங்டன் தோட்டாவும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் துப்பாக்கியும் சேர்ந்து தயாராகி, 1956ல கடைக்கு வந்துது. ஸ்பெஷல் கூடு 1.16 இஞ்ச், மேக்னம் கூடு 1.285. வித்தியாசம் சரியா ஒரு நூல். பழைய தோட்டா புதுத் துப்பாக்கியில போகும், புதுத் தோட்டா பழையதுல போகவே போகாது. அழுத்த வரம்பு ஸ்பெஷலுக்கு சதுர இஞ்சுக்கு 15,500 பவுண்டு, மேக்னத்துக்கு 36,000. இந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்கற காவல்காரன் அந்த ஒரு நூல்தான். எச்சரிக்கை வாசகம் எழுதி ஒட்டினா யாரும் படிக்க மாட்டான், நுழையாத பொருளை யாராலயும் நுழைக்க முடியாது.

கீத் கேட்டது 1200 அடி. கம்பெனி 240 கிரெய்னுக்கு அறிவிச்சது 1470 அடி! கேட்டதுக்கு மேலயே கொடுத்தாங்க. ஆனா தலைவர் திருப்திப்படலை. துப்பாக்கியை வாங்கி வெச்சுக்கிட்டு, தன்னோட அச்சுல வார்த்த குண்டுக்கே திரும்பிட்டார்.

அவர் பேரைக் கெடுத்ததும் இதே .44தான். கூட வந்தவர் ரைஃபிளால காயப்படுத்தின ஒரு மானை 600 கஜத்துல ரிவால்வரால அடிச்சேன்னு எழுதினார். விட்டாங்களா? ஆயுசு முழுக்கக் கலாய்ச்சாங்க. 1979ல வந்த சுயசரிதைக்கு 'ஹெல், ஐ வாஸ் தேர்!'னு பேர் வெச்சார், மனுஷனுக்கு எவ்வளவு கடுப்பு இருந்திருக்கணும்! நான் அவர் சொன்னதை நம்பறேன். ஆனா படிச்சவங்க மனசுல 600 மட்டும் நின்னுது, அடிபட்டு ஓடின மான் நிக்கலை.

கீத் 1984ல போய்ச் சேர்ந்தார். அதுக்கப்புறம் அவர் வழியில வந்தவங்க 300 கிரெய்ன், அதுக்கும் மேலன்னு வார்த்தாங்க. இப்ப சண்டை ஈயத்தைப் பத்தி. வேட்டையாடினவங்க விட்டுட்டுப் போற குடல்ல இருக்கற ஈயத் துணுக்கைத் தின்னு காண்டார் கழுகுகள் செத்ததால, கலிஃபோர்னியாவுல 2019 ஜூலை 1லேர்ந்து வேட்டைக்கு ஈயக் குண்டே முழுசாத் தடை. வேகமான ரைஃபிள் குண்டு மாதிரி கீத்தோட குண்டு பொடிப்பொடியாச் சிதறாதுன்னு வார்க்கறவங்க வாதாடறாங்க. அது பெருமளவு சரிதான். ஆனா கழுகு தின்னுற மாமிசத்துல கொஞ்சம் ஈயம் இருந்தாலே விஷம், சட்டமும் குண்டோட வேகத்தைக் கேக்கறதில்ல. அங்க வேட்டைக்குப் போறவங்க செம்பு மாதிரி ஈயமில்லாத குண்டுதான் போடணும். செம்பு ஈயத்தை விட லேசு, அதனால அதே எடைக்கு நீளம் கூடும். கூட்டுக்குள்ள மருந்துக்கு இடம் குறையும்.