நகுலனும் குதிரைக்காரனும்: பரிமருத்துவ அறிவின் சமூக அடிப்படை பற்றிய சில குறிப்புகள்

மருத்துவ வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கொள்ளைநோய்களையும் புகழ்பெற்ற மருத்துவர்களையும் மையமாகக் கொண்டே எழுதியுள்ளனர். உயிரை உடனே கவராது, நாள்தோறும் உடலை அரித்துக்கொண்டிருக்கும் நோய்கள் வரலாற்றாசிரியரின் கவனத்தைப் பெறுவது அரிது. குதிரையின் காலிலும் உடலிலும் தோன்றும் சொறி அத்தகையதொரு நோயாகும். இதனை ஒரு கருவியாகக் கொண்டு, குதிரையைப் பேணும் அறிவு நமது சமுதாயத்தில் யாரிடம் இருந்தது, யாருடைய பெயரால் எழுத்துருப் பெற்றது, இவ்விரண்டிற்குமிடையே இடைவெளி தோன்றியமைக்குக் காரணம் யாது என்னும் வினாக்களை ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

முதற்கண் நோயின் இயல்பை நோக்குவோம். குதிரைச் சொறியை உண்டாக்குபவை கண்ணுக்கு எளிதிற் புலப்படாத சிற்றுண்ணிகள். இவற்றுள் மூன்று வகை முக்கியமானவை. சார்கொப்டெசு என்பது தோலைக் குடைந்து உள்ளே வளை அமைத்து முட்டையிடும். சொரொப்டெசு தோலின் மேற்பரப்பில் வாழ்ந்து புண்ணையும் பொருக்கையும் உண்டாக்கும். கொரியொப்டெசு பெரும்பாலும் கால்களின் கீழ்ப்பகுதியிலே, சிறப்பாக நீண்ட மயிர் அடர்ந்த கால்களிலே தங்கி, உதிரும் தோற்செதில்களை உண்டு வாழும். குதிரை ஓயாது காலைத் தரையில் உதைப்பதும், கணைக்காலைப் பல்லாற் கடிப்பதும், தூணில் உரைஞ்சுவதும் அதன் அறிகுறிகள். நோய் ஒரு குதிரையிலிருந்து மற்றொன்றுக்கு நேரடித் தொடுகையாலும், சேணம், தேய்க்கும் தூரிகை, வைக்கோற் படுக்கை ஆகியவற்றின் வழியாகவும் பரவும். சார்கொப்டெசு, குதிரையைத் தேய்த்துக் கழுவும் மனிதனின் தோலிலும் தற்காலிகமான அரிப்பை உண்டாக்கும். இச்செய்தி மனங்கொளத்தக்கது. குதிரையின் உரிமையாளனைக் காட்டிலும் அதனை நாளும் தொடுபவனையே இந்நோய் முதலில் எட்டுகின்றது.

இவ்வாராய்ச்சியை மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து மேற்கொள்வதற்கு ஒரு நியாயம் உண்டு. ஒருபுறம் வாவியும் மறுபுறம் கடலுமாக அமைந்த இந்நிலப்பகுதி, 1924இற் பாலம் திறக்கப்படும்வரை புளியந்தீவுடன் நீர்வழியாகவே தொடர்புகொண்டிருந்தது. தோணியும் மாட்டுவண்டியுமே மக்களின் போக்குவரத்துச் சாதனங்கள். வயலை உழவும் சூடடிக்கவும் மாடும் எருமையும் பயன்பட்டன. இப்பிரதேசத்து உற்பத்தி வாழ்க்கையிற் குதிரைக்கு இடமிருக்கவில்லை எனலாம். ஆயினும் குதிரை இங்கு அந்நியமானதன்று. கோயில் வாகனமாகவும் கூத்திலும் பாரதக் கதையிலும் வரும் அரசரின் ஊர்தியாகவும் அது மக்கள் மனத்திலே நிலைபெற்றுள்ளது. மரத்தாற் செய்த வாகனத்துக்குச் சொறி வருவதில்லை. தன் வாழ்விற் பேணியறியாத ஒரு விலங்கை ஒரு சமுதாயம் பெருமையின் சின்னமாக மட்டும் அறிந்திருக்கும்போது, அவ்விலங்கைப் பேணிய உழைப்பு அதன் கண்ணுக்குப் புலப்படாது போகின்றது.

இவ்வியல்பு பழந்தமிழ் இலக்கியத்திலேயே தொடங்குகின்றது. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியாகக் குதிரைகள் வந்தமையைப் பட்டினப்பாலை கூறும். புறப்பாடல்களிற் குதிரையின் போர்த்திறத்தைப் புகழ்வதற்கெனக் குதிரைமறம் என்றொரு துறையே வகுக்கப்பட்டது. முல்லைப்பாட்டிலே பாசறையில் உறக்கமின்றி இருக்கும் அரசன், அம்பு தைத்து உணவுகொள்ளாது வருந்தும் குதிரைகளையும் எண்ணிக் கவலையுறுகின்றான். விலங்கின் நோவை உணர்ந்து கூறிய இவ்விடம் உயர்ந்த கவிதையே. எனினும் அங்கு பாடப்படுவது போர்ப்புண். அதனைக் கண்டு இரங்குபவன் அரசன். அம்பைப் பிடுங்கி மருந்திட்டவனை நாம் காண்பதில்லை. வீரயுகத்தின் விழுமியங்கள் போரில் ஏற்பட்ட புண்ணைப் பாடுபொருளாக ஏற்றன. இலாயத்தில் ஏற்பட்ட அரிப்புக்கு அவ்விழுமியங்களில் இடமில்லை.

இடைக்காலத்திற் குதிரை வாணிகம் பேரளவில் வளர்ந்தது. சோழர்காலச் சாசனங்கள் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகளைக் குறிப்பிடுகின்றன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசர் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும், அவற்றைப் பேணத் தெரியாமையால் ஆண்டிறுதியில் 100கூட எஞ்சுவதில்லை என்றும் எழுதினார். அடுத்து அவர் கூறுவது நமக்கு இன்னும் முக்கியமானது. குதிரைகளைக் கொண்டுவந்த வணிகர், குதிரை வைத்தியர் எவரையும் உடன் அழைத்து வருவதில்லை. பிறர் வருவதையும் அனுமதிப்பதில்லை. குதிரைகள் இறந்தாலே தம் வாணிகம் செழிக்கும் என்பது அவர்கள் கருத்து. பாரசீக வரலாற்றாசிரியரான வஸ்ஸாஃபும் இந்நாட்டிற் குதிரைகளுக்கு வறுத்த தானியமும் நெய்யும் காய்ச்சிய பாலும் ஊட்டப்பட்டமையை வியப்புடன் குறித்துள்ளார்.

இவை அயலார் கூற்றுக்கள். மிகைப்படுத்தலும் உள்ளூரார் பற்றிய இளக்காரமும் இவற்றிற் கலந்திருத்தல் கூடும். வெப்பமும் ஈரமும் மிக்க காலநிலை, ஏற்ற புல்லின்மை ஆகியவற்றையும் கணக்கிற்கொள்ள வேண்டும். ஆயினும் இக்கூற்றுக்களின் பொருளாதார உட்கிடை தெளிவானது. குதிரை உள்நாட்டிற் பெருகினால் வணிகனுக்கு நட்டம். ஆகவே நோய் தீர்க்கும் அறிவு பரவாதிருப்பதில் வாணிக மூலதனத்துக்கு நேரடி நலன் இருந்தது. அறியாமை எனத் தோன்றியதன் ஒரு பகுதி, சந்தையாற் பேணப்பட்ட அறியாமை எனக் கொள்ளுதல் தவறாகாது.

இனி எழுத்துருப்பெற்ற பரிமருத்துவத்தை நோக்குவோம். வடமொழியிற் சாலிகோத்திரர் பெயராலும் நகுலன் பெயராலும் பரிநூல்கள் வழங்குகின்றன. நகுலன் பெயரிலான அசுவசாஸ்திரம் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தால் வண்ண ஓவியங்களுடன் 1952இல் வெளியிடப்பட்டது. இத்தகைய நூல்கள் மருத்துவத்தை மட்டும் கூறுவனவல்ல. நிறம், சுழி, வயது, நடை ஆகிய இலக்கணங்களுக்கு அவற்றிற் பெரும் இடமுண்டு. எந்தச் சுழி உடையவனுக்கு வெற்றி தரும், எது கேடு தரும் என்பன விரிவாகப் பேசப்படும். வாங்குவோனுக்கும் ஏறுவோனுக்கும் வேண்டிய அறிவு இது. கணைக்கால் மயிரை விலக்கிச் செதிலைத் தேடுபவனுக்கு வேண்டிய அறிவு வேறு.

நகுலனின் பெயர் இந்நூலோடு இணைந்தமை தற்செயலன்று. விராட நகரில் மறைந்துறைந்த காலத்திற் பாண்டவருள் நகுலன் குதிரைகளைப் பேணுபவனாகவும் சகதேவன் பசுநிரை காப்பவனாகவும் பணியாற்றினர் என்பது பாரதக் கதை. கல்லடிக்குத் தெற்கே, கல்முனையை அடுத்த பாண்டிருப்புத் திரௌபதையம்மன் கோயிலிற் பாண்டவரின் வனவாசமும் தீமிதிப்பும் ஆண்டுதோறும் விழாவாக நிகழ்வதால், இக்கதை மட்டக்களப்பு மக்களுக்கு ஏட்டுச் செய்தி மாத்திரமன்று. இளவரசன் ஒருவன் மறைந்து வாழ இலாயம் ஏற்ற இடமாயிற்று என்பதிற் பொதிந்துள்ள சமூக உண்மையை நாம் கவனித்தல் தகும். குதிரைக்காரனின் முகத்தை எவரும் உற்றுநோக்குவதில்லை என்பது கதையின் எடுகோள். ஓராண்டு முடிந்ததும் இளவரசன் தன் பெயரை மீட்டுக்கொண்டான். அறிவும் அவன் பெயராலேயே நூலாயிற்று. அவனுக்கு முன்னும் பின்னும் அவ்விலாயத்தில் உழைத்தவர்கள் பெயரற்றே போயினர்.

குடியேற்ற ஆட்சி இந்நிலையை வேறொரு தளத்திலே தொடர்ந்தது. பிரான்சிற் பயிற்சி பெற்ற விலங்கு மருத்துவரான வில்லியம் மூர்குறொஃப்ட் 1808இல் இந்தியாவுக்கு அழைக்கப்பட்டது, கிழக்கிந்தியக் கம்பனியின் குதிரைப் பண்ணையை மேற்பார்வை செய்வதற்காகவே. உழவனின் மாட்டுக்கு அரசின் கவனம் கிட்டுவதற்கு மாட்டுக் கொள்ளைநோயின் பேரழிவு வேண்டியிருந்தது. இந்திய மாட்டு நோய் ஆணைக்குழுவின் அறிக்கை 1871இலேயே வெளிவந்தது. இராணுவத்தின் குதிரை முன்னும் உற்பத்தியாளனின் எருது பின்னுமாக அமைந்த இவ்வரிசை, அரசின் வர்க்க நலனை அப்படியே காட்டுகின்றது. இலங்கையிலும் துரைமாரின் குதிரைகளைப் பேணிய குதிரைக்காரருட் பலர் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளரே. நெடுந்தீவிலே போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலக் குதிரைகளின் வழிவந்தவை இன்றும் கட்டாக்காலியாகத் திரிகின்றன. இலாயத்தின் இடிபாடுகளும் எஞ்சியுள்ளன. அங்கே உழைத்தவர் கைகளிலிருந்த அறிவு அவ்வாறு எஞ்சவில்லை.

முதலாம் உலகப்போரிற் சொறியின் முக்கியத்துவம் ஏகாதிபத்திய அரசுகளுக்கே உணர்த்தப்பட்டது. பிரித்தானியாவில் 1911இலேயே குதிரைச் சொறியைக் கட்டுப்படுத்தச் சட்டவிதி பிறப்பிக்கப்பட்டிருந்தது. போர்க்களத்தில் நெருக்கமாகக் கட்டப்பட்டு, போதிய உணவும் தேய்ப்புமின்றி நின்ற குதிரைகளிடையே நோய் பெருகியது. கல்சியம் சல்பைட்டுக் கரைசல் நிறைந்த தொட்டிகளில் அவற்றை இறக்கி நனைத்தனர். கந்தகமே இதன் அடிப்படை. நமது வைத்தியரும் மாட்டுக்காரரும் கந்தகத்தையும் வேப்பெண்ணெயையும் புங்கெண்ணெயையும் சொறிக்குப் பயன்படுத்தி வந்தமை யாவரும் அறிந்ததே. இராணுவ மருத்துவமும் பட்டி மருத்துவமும் ஒரே பொருளிற் சந்தித்தன. ஒன்று அறிக்கையாகப் பதிவாயிற்று. மற்றது வாய்மொழியாக நின்றது.

ஐவர்மெக்ரின் என்னும் மருந்தின் வரலாறும் இங்கு நோக்கத்தக்கது. யப்பானிய மண்ணிற் கிடைத்த நுண்ணுயிரொன்றிலிருந்து சதொஷி ஓமுரா, வில்லியம் காம்பெல் ஆகியோரின் ஆய்வுகள் வழியாக உருவான இம்மருந்து 1981இற் கால்நடைகளுக்கென விற்பனைக்கு வந்தது. குதிரையின் தோலில் வாழும் நுண்புழுக்களை அது கொன்றமை, அதே இனப் புழுவால் ஆபிரிக்க ஏழைமக்களுக்கு உண்டாகும் ஆற்றுக்குருட்டு நோய்க்கும் அது உதவலாம் என்ற எண்ணத்துக்கு வழிவகுத்தது. 1987இலே மேர்க் நிறுவனம் அந்நோய்க்கு இதனை இலவசமாக வழங்க முன்வந்தது; 2015இல் ஆய்வாளர் இருவரும் நோபெல் பரிசில் பங்குபெற்றனர். மனிதகுலத்துக்குக் கிடைத்த பெரும்பேறு இது என்பதில் ஐயமில்லை. எனினும் வாங்கும் ஆற்றலற்ற மனிதரின் கண்ணுக்குரிய மருந்து, வாங்கும் ஆற்றலுள்ளோரின் கால்நடைச் சந்தை வழியாகவே வந்துசேர வேண்டியிருந்தது என்பதையும் மறத்தலாகாது.

அம்மருந்தும் கைப்பணியை இல்லாமற் செய்துவிடவில்லை. கொரியொப்டெசு தோலின் மேற்பரப்பில் வாழ்வதால், வாய்வழி கொடுக்கும் மருந்து அதனை முற்றாக எட்டுவதில்லை. கால்மயிரைக் கத்தரித்து, செதிலைக் கழுவி நீக்கி, மேற்பூச்சு மருந்தை இடுதல் வேண்டும். முட்டைகள் தப்பிப் பொரிக்குமாதலாற் சில வார இடைவெளியிற் சிகிச்சையை மீளச்செய்தல் வேண்டும். உடன் நிற்கும் எல்லாக் குதிரைகளுக்கும் ஒருசேர மருந்திட்டு, படுக்கையை மாற்றி, தூரிகைகளைத் தனித்தனியே வைத்தல் வேண்டும். வாவியோரம் போன்ற ஈரநிலங்களிற் சிறுகொசுவகைகளின் கடியாலும் இதனையொத்த அரிப்பு உண்டாதலின், தோலைச் சுரண்டி உருப்பெருக்கியில் நோக்கி நோயை உறுதிப்படுத்துதலும் இன்றியமையாதது. ஆய்வுகூடத்தின் அறிவும் இலாயத்தின் உழைப்பும் இணையாதவிடத்து இந்நோய் தீர்வதில்லை.

இவ்விடத்தில் மட்டக்களப்பின் மாட்டுப்பட்டிகளுக்கு மீள்வோம். நகுலனுக்கு நூல் உண்டு. சகதேவனின் தொழிலைச் செய்த பட்டிக்காரரின் அறிவோ மாட்டு வாகடம் என்ற பெயரிலான எளிய அச்சுநூல்களிலும், பெரும்பகுதி வாய்மொழியிலுமே தங்கியுள்ளது. மாடு போடியாருடையது; அதன் உடம்பை அறிந்தவன் பட்டிக்காரன். அவ்வறிவைத் திரட்டுதல் பல்கலைக்கழகத்தாரின் கடமை. ஆனால் நாட்டார் வழக்கு என்பதற்காகவே யாவற்றையும் போற்றுதல் ஆய்வாகாது. சொறிபிடித்த விலங்குக்கு இயந்திரக் கழிவெண்ணெய் பூசும் வழக்கம் தோலைப் புண்ணாக்கி உடலில் நஞ்சேற்றுவது. பயனுள்ளதைச் சோதித்து ஏற்பதும் தீயதைக் காரணங்காட்டி விலக்குவதும் ஒருங்கே நிகழவேண்டும். அவ்வாறு திரட்டப்படும் ஒவ்வொரு குறிப்பின் கீழும், நகுலன் போன்றதொரு புராணப் பெயருக்குப் பதிலாக, அதனைக் கூறிய உழைப்பாளியின் பெயர் அவர் இசைவுடன் பொறிக்கப்படுமாயின், நீண்டகால அநீதியொன்றின் சிறுபகுதியையேனும் நாம் நேர்செய்தவர்களாவோம்.