'கம்யூனிக்கே': ஒரு சொல்லின் எடை



செய்தி வாசிக்கத் தொடங்கிய புதிதில் நான் செய்த ஒரு தவற்றிலிருந்து இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன். வெளியுறவு அமைச்சர்கள் சிலர் வெளியிட்ட கூட்டறிக்கை பற்றிய செய்தி அது. "கவனத்தில் கொண்டனர்" என்று தாளில் இருந்தது. காதுக்கு இனிமையாக இல்லையே என்று "ஏற்றுக்கொண்டனர்" என மாற்றி வாசித்துவிட்டேன். ஒளிபரப்பு முடிந்ததும் மூத்த ஆசிரியர் கூப்பிட்டார்.

"தம்பி, அது நாம் எழுதிய வசனம் இல்லை. அவர்கள் உட்கார்ந்து பேசி, பேரம் நடத்தி வைத்த சொல். அதை மாற்ற நீ யார்?" என்றார்.

பதில் சொல்ல முடியவில்லை. அன்றுதான் இத்தகைய அறிக்கைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'கம்யூனிக்கே' என்ற சொல்லைத் தேடிப் போனேன்.

அது பிறப்பால் பிரெஞ்சுச் சொல். 'தெரிவிக்கப்பட்டது' என்பதே அதன் நேர்ப்பொருள். அதற்கும் தாய்வேர் லத்தீனில் இருக்கிறது. அங்கே 'பொது' என்ற சொல்லிலிருந்து 'பொதுவாக்குதல்' என்ற வினை பிறந்தது. ஐரோப்பிய அரசதந்திரிகளின் பொதுமொழியாகப் பிரெஞ்சு இருந்த காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. முதல் உலகப் போரில் ராணுவத் தலைமையகங்கள் வெளியிட்ட அன்றாடப் போர் அறிக்கைகள் அதைப் பத்திரிகை வாசகர்களிடம் கொண்டு சேர்த்தன. மலாய்மொழியும் அதைக் 'கொமுனிக்கே' என்று எடுத்துக்கொண்டது. தமிழில் நாம் 'அறிக்கை' என்கிறோம். இரு தரப்பு சேர்ந்து வெளியிட்டால் 'கூட்டறிக்கை'.

நம் நாட்டு வரலாற்றிலேயே இதற்குப் பெரிய சான்று உண்டு. 1974ஆம் ஆண்டு மே 31ஆம் தேதி, பெய்ஜிங்கில் அன்றைய பிரதமர் துன் அப்துல் ரசாக்கும் சீனப் பிரதமர் சூ என்லாயும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டனர். ஆசியான் அமைந்த பிறகு, அதன் உறுப்பு நாடுகளில் மக்கள் சீனத்துடன் முதலில் அரசதந்திர உறவு ஏற்படுத்திக்கொண்ட நாடு மலேசியாதான். அந்த அறிக்கை இரட்டைக் குடியுரிமையை இரு அரசுகளும் ஏற்கவில்லை என்றது. மலேசியக் குடியுரிமை பெற்ற சீன வம்சாவளியினர் சீனக் குடியுரிமையை இழந்தவர்கள் என்றும் சொன்னது. சில வரிகள்தான். ஆனால் இங்கே எத்தனையோ குடும்பங்கள் 'நாம் யார்?' என்று கேட்ட கேள்விக்கு அவை பதிலாயின.

ஒரே ஒரு சொல் எவ்வளவு கனமானது என்பதற்கு ஷாங்காய் அறிக்கையைச் சொல்லலாம். 1972 பிப்ரவரியில், அமெரிக்க அதிபர் நிக்சனின் சீனப் பயண முடிவில் அது வெளிவந்தது. ஒத்துப்போகாத விஷயங்களில் இரு நாடுகளும் தத்தம் நிலைப்பாட்டைத் தனித்தனியே எழுதிக்கொண்டன. தைவான் சீனாவின் பகுதி என்று நீரிணையின் இருபுறச் சீனர்களும் கருதுவதை 'அறிந்திருக்கிறோம்' என்றது அமெரிக்கா. 'ஏற்கிறோம்' என்று சொல்லவில்லை. 1979 ஜனவரி 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த அடுத்த அறிக்கையின் சீனப் பிரதியிலோ, 'ஏற்கிறோம்' என்று பொருள்படும் சொல் இருந்தது. ஆங்கிலப் பிரதியே தங்களைக் கட்டுப்படுத்தும் என்றது அமெரிக்கா. அந்தச் சொற்களைச் சுற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை.

அறிக்கை வராமல் போனாலும் அதுவே செய்தியாகிவிடும். 2012 ஜூலையில் புனோம் பென் நகரில் கூடிய ஆசியான் வெளியுறவு அமைச்சர்கள், தென் சீனக் கடல் விவகாரத்தை எப்படிக் குறிப்பிடுவது என்பதில் உடன்படவில்லை. 45 ஆண்டுகளில் முதல் முறையாகக் கூட்டறிக்கை இல்லாமலே அந்தக் கூட்டம் கலைந்தது. பிறகு இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர் மார்ட்டி நதலேகாவா தலைநகர் தலைநகராகப் போய்ப் பேசினார். ஜூலை 20ஆம் தேதி ஆறு அம்சக் கோட்பாடு வெளியானது. பொதுவான சொற்கள் கிடைக்காவிட்டால், 'பொதுவாக்க' எதுவும் இருக்காது அல்லவா?

நேயர்களே, இனி செய்தியில் 'கூட்டறிக்கை' என்று கேட்டால், அதில் வரும் வினைச்சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். வரவேற்றார்களா, வலியுறுத்தினார்களா, கவனத்தில் மட்டும் கொண்டார்களா? செய்தியின் சாரம் அங்கேதான் இருக்கிறது. நானும் அன்றிலிருந்து தாளில் உள்ளதை உள்ளபடியே வாசிக்கிறேன்.