டென்மார்க்குக்கும் திருக்கோவிலூருக்கும் என்ன சம்பந்தம்? லூத்தரன் சபை சொல்வது என்ன?

திருக்கோவிலூர், திருவண்ணாமலை, கடலூர் பக்கம் ‘டேனிஷ் மிஷன்’ என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. இது லூத்தரன் சபை. ‘சர்ச்சுன்னா எல்லாம் ஒண்ணுதானே’ என்று கேட்பவர்களுக்கு, வேறுபாடு எங்கே என்று பார்ப்போம்.

1517-ல் ஜெர்மனியின் விட்டன்பெர்க்கில் மார்ட்டின் லூத்தர் தொடங்கிய விவாதம்தான் இதன் வேர். நற்செயல்கள் செய்தோ, பணம் கொடுத்தோ மோட்சத்தை வாங்க முடியாது. அது கடவுளின் கிருபை, விசுவாசத்தால் மட்டுமே பெற முடியும் என்றார் அவர்.

வைணவம் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். குரங்குக்குட்டி தாயை இறுகப் பிடித்துக்கொள்ளும். பூனைக்குட்டி சும்மா இருக்கும், தாய்தான் கவ்விக்கொண்டு போகும். பூனைக்குட்டி வழியைச் சொல்வது தென்கலை. முதலாழ்வார்கள் மூவரும் சந்தித்த ஊரான திருக்கோவிலூரில் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஜெர்மன் இறையியலாளர் ருடால்ஃப் ஓட்டோ 1930-ல் இந்த ஒப்புமை பற்றித் தனிப் புத்தகமே எழுதினார்.

லூத்தரன்கள் சமயம் கற்பதே கேள்வி-பதிலில்தான். 1529-ல் லூத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் ‘இதற்கு அர்த்தம் என்ன?’ என்ற கேள்வி திரும்பத் திரும்ப வரும்.

அந்தப் பழக்கத்தோடு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கியவர் சீகன்பால்க். அனுப்பியது டென்மார்க் அரசர், வந்தவர் ஜெர்மானியர். தமிழ் கற்று, ஊர்ப் பெரியவர்களோடும் பிராமணர்களோடும் வாதம் செய்தார். கடிதத்திலும் கேள்விகள் அனுப்பினார். தமிழர்கள் எழுதிய 99 பதில்கள் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாகின.

பதில்கள் காரசாரமானவை. ‘மாட்டிறைச்சி தின்கிறார்கள், குடிக்கிறார்கள், சுத்தம் இல்லை, இவர்கள் மதத்தில் எப்படிச் சேர்வது?’ என்ற தொனியில் கேட்டிருக்கிறார்கள். நம்பிக்கை மட்டும் போதும் என்றால் நடத்தை எங்கே போயிற்று என்பதுதான் உள்ளே இருந்த கேள்வி. தமிழர்களில் பலர் கிறிஸ்தவர்களைவிட ஒழுக்கமாக வாழ்கிறார்கள் என்று சீகன்பால்கே எழுதியிருக்கிறார்.

ஆனால் சபையை உண்மையிலேயே பிளந்தது வேறு கேள்வி: சாதி. தரங்கம்பாடி காலத்திலேயே ஆலயத்துக்குள் சாதிவாரியாகத் தனி இருக்கைகள் வந்துவிட்டன. 19-ம் நூற்றாண்டில் பொறுப்பேற்ற லைப்சிக் மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுல், ‘சாதி சமூக ஏற்பாடு, கட்டளை போட்டு ஒழிக்க வேண்டாம், சுவிசேஷம் மெல்ல மாற்றும்’ என்றார். கிருபைக்கு நிபந்தனை போடக் கூடாது என்ற லூத்தரன் தர்க்கம் இதற்கு வசதியாகப் பயன்பட்டது. அதே மிஷனில் இருந்த கார்ல் ஓக்ஸ் ஏற்கவில்லை. நற்கருணையில் ஒரே கிண்ணத்திலிருந்து குடிக்க மறுப்பவர்களிடம் சபை எப்படிச் சும்மா இருக்க முடியும் என்பதே அவர் தரப்பு.

அவர் வெளியேறி, பண்ருட்டி அருகே மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாகப் பணி தொடங்கினார். 1860-களில் டேனிஷ் மிஷனரி சங்கம் அவரோடு சேர்ந்தது. அங்கிருந்துதான் இந்தப் பணி திருக்கோவிலூர் வரை பரவியது. அதாவது, திருக்கோவிலூரின் ‘டேனிஷ் மிஷன்’ தரங்கம்பாடியில் அரசர் அனுப்பிய மிஷன் அல்ல. பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

இன்று அதன் பெயர் ஆற்காடு லூத்தரன் திருச்சபை, தலைமையகம் கடலூர். லைப்சிக் வழி வந்தது 1919-ல் உருவான தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபை, தலைமையகம் திருச்சி. இரண்டிலும் ஞானோபதேசம் ஒன்றுதான். தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களிடையே சாதிவாரிக் கல்லறைகள் பற்றிய வழக்கு மட்டும் இன்னும் முடியவில்லை.