வடமுனைக்குப் போனவர்கள்

நோர்வேக்கு வரும் உல்லாசப் பயணிகள் பலரும் தேடிப் போகும் இடம் நூர்காப் எனப்படும் வடமுனை. கடலிலிருந்து 307 மீற்றர் உயரமான பாறை. 1553இல் சீனாவுக்குக் கடல்வழி தேடிப் போன ஆங்கிலேயர் வைத்த பெயர் அது. ஆனால் அதற்கு முதலே பின்மார்க்கில் சாமி மக்கள் வாழ்ந்து வந்தார்கள்.

1664இல் இத்தாலியப் பாதிரியார் பிரான்செஸ்கோ நெக்ரி அங்கே போனார். 1873இல் இரண்டாம் ஒஸ்கார் மன்னர் ஏறினார். 1907இல் சீயம் நாட்டு மன்னர் சுலலோங்கோர்ன் வந்து தன் பெயரைக் கல்லில் பொறித்தார். 1956இல் தெரு போட்டார்கள். 1999இல் கடலுக்கடியால் சுரங்கப்பாதையும் வந்தது. பிறகென்ன, கோடையில் நள்ளிரவுச் சூரியனைப் பார்க்க பஸ் பஸ்ஸாகச் சனம்.

1980களில் எங்கட ஆக்களும் பின்மார்க் போனவை. சூரியன் பார்க்க அல்ல, மீன் தொழிற்சாலைகளில் மீன் வெட்ட. அந்தக் குளிரில் உழைத்த காசில் ஊரில் எத்தனையோ அடுப்பு எரிந்தது. பிறகு பலர் ஒஸ்லோவுக்கு வந்துவிட்டினம்.

மன்னர் பெயர் கல்லில் இருக்கு. எங்கட பெயரை ஆர் எழுதுவினம்? பிள்ளைகளை வடக்கே கூட்டிக்கொண்டு போனால் பாறையை மட்டும் காட்டாதேங்கோ. மீன் தொழிற்சாலை இருந்த துறைமுகத்தையும் காட்டுங்கோ. அதுவும் எங்கட வரலாறுதான்.